பழைய வண்டியும் வாவிக்கரையும் – 11: புகைக்குப் பாஸ், பிரேக்குக்கு?

சீ.டீ. 125, எம்.டி. 90, சாலி என்று யப்பானில் ஓடித் தேய்ந்து நம் ஊருக்கு வந்த வண்டிகளின் கதையைச் சென்ற வாரம் எழுதினேன். அவை வருடத்துக்கு ஒரு முறை முகம் கொடுக்கும் சோதனையைப் பற்றி இந்த வாரம்.

மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போனால் காப்புறுதியையும் புகைச் சான்றிதழையும் கேட்பார்கள். இந்தப் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் வந்தது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் கேட்கிற தகுதிச் சான்றிதழை நம் வண்டிக்குக் கேட்பதில்லை. ஆகவே வருடம் முழுவதிலும் ஒரு பழைய எம்.டி. 90ஐ அரசாங்கத்தின் சார்பில் தொட்டுப் பார்ப்பது சைலன்சருக்குள் நுழைகிற அந்த ஒரு குழாய்தான். வண்டி ஸ்லோவில் நிற்கும்போது வருகிற புகையில் காபனோரொட்சைட்டு எவ்வளவு, எரியாத ஐதரோகாபன் எவ்வளவு என்று அது அளக்கும்.

தோற்கிற வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குற்றம் சின்னக் குற்றம். எயார் பில்டர் தூசியில் அடைத்திருக்கும். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடினால் காபனோரொட்சைட்டு ஏறிவிடும். பிளக் சரியாக நெருப்புக் கொடுக்காவிட்டால் பெற்றோல் எரியாமலே வெளியே வந்து மற்ற எண்ணை ஏற்றும். ரிங் தேய்ந்து ஒயில் எரிகிற வண்டியை அதன் நீலப் புகையே காட்டிக்கொடுக்கும். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் பார்த்துப் பெற்றோல் தந்த காலம் நினைவிருக்கும். அப்போது வெறும் டாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் பல. நம் ஈரக் காற்றில் வெறும் டாங்கி உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துருத்தூள் காபரேட்டரின் சின்ன ஜெட்டில் போய் உட்கார்ந்தால், ஓடும்போது நன்றாக ஓடுகிற வண்டி ஸ்லோவில் மட்டும் திணறும். சோதனை நடப்பதோ அந்த ஸ்லோவில்தான்.

சைலன்சர் ஓட்டை இன்னொரு தொல்லை. ஓட்டை வழியே வெளிக்காற்றுக் கலந்தால் குழாய் அளப்பது பொய்க் கணக்கு. புளியந்தீவுக்காரருக்கு இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. நம் ஓட்டம் எல்லாம் குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கச்சேரி, திரும்பும் வழியில் கடை. எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். புகையோடு வருகிற நீராவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தங்கி உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே வாவியின் உப்புக்காற்றும் சும்மா இருப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஏறாவூர் மட்டுமாவது போய்வருகிற வண்டியின் சைலன்சர் கூடுதல் காலம் இருக்கும்.

சோதனைக்கு முதல் நாள் எயார் ஸ்க்ரூவைத் திருப்பிப் பெற்றோலைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி திருப்பிவிடுகிற பழக்கம் உண்டு. அன்று ஒரு நாள் காற்றுச் சுத்தமாகிறது. மற்ற 364 நாளும் அந்தப் புகை நம் பிள்ளைகளின் மூச்சில்தான் போகிறது. இதை எண்ணினால் எனக்கு மனது கொதிக்கும்.

ஆனால் என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. பிரித்தானியாவில் 1960இல் வாகனச் சோதனை வந்தது. இன்று அங்கே மூன்று வயது கடந்த பைக் வருடந்தோறும் போக வேண்டும். பிரேக்கை மெசினில் ஏற்றி எண்ணாகவே பார்க்கிறார்கள். ஒரு பிரேக் 30 வீதமும் மற்றது 25 வீதமும் இழுவை காட்ட வேண்டும். டயரில் அகலத்தின் முக்கால் பங்குக்கு ஒரு மில்லிமீற்றர் பள்ளமாவது இருக்க வேண்டும். லைட், ஹாண்டில் பெயாரிங், செயின் ஒன்றையும் விடுவதில்லை. யப்பானில் 250 சீசீயும் அதற்குக் குறைந்ததுமான வண்டிக்கு இத்தகைய சோதனை இல்லை. அப்படியென்றால் நம்மிடம் வந்த எம்.டி. 90இன் பிரேக்கை அது பிறந்த நாட்டிலும் அரசாங்கம் பார்த்ததில்லை, இங்கேயும் பார்க்கவில்லை.

பழைய ஹொண்டாவின் பின் சக்கர டிரம்முக்கு வெளியே ஒரு சின்ன இரும்புக் கை தெரியும். பல வண்டிகளில் அதனோடு ஓர் அம்புக்குறியும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு டிரம் மூடியில் உள்ள அடையாளத்துக்கு நேரே வந்தால் பிரேக் சூ முடிந்துவிட்டது என்று அர்த்தம். சூ மாற்றுவதற்குப் பதிலாக அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டுவார்கள். பிரேக் மறுபடி இறுகிவிட்டது போலிருக்கும். உள்ளே சூவைத் தள்ளுகிற கட்டை அளவுக்கு மீறித் திரும்பி மாட்டிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

மாரி வெள்ளத்தில் படுவான்கரைப் பக்கம் போய்வருகிற வண்டிகளின் டிரம்முக்குள் சேற்றுத்தண்ணீர் புகுந்துவிடும். ஏறி வந்ததும் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டிக் காய வைக்காதவர் அடுத்த வளைவில் மாடு படுத்திருந்தால் என்ன செய்வார்? இரவில் மாடு படுக்காத வீதி இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஆறு வோல்ட் வண்டியின் லைட் எஞ்சின் முறுக்கினால்தான் எரியும், வேகத்தைக் குறைத்தால் மங்கிவிடும். மாட்டைக் கண்டு குறைக்கிற நேரம் மாடே மறைந்துவிடும்.

என் வண்டி போன வருடம் முதல் தடவையிலேயே பாஸ். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கல்லடிப் பக்கமிருந்து புதிய பாலத்தில் வந்தேன். பாலம் இறங்குகிற இடத்தில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இடது பக்கம் இடம் இருந்ததால் தப்பினேன்.

நேரே கராச்சுக்கு உருட்டிப் போனேன். எழுபது வயது தாண்டிய மெக்கானிக் ஐயா தாளை வாங்கிப் பார்த்தார். “புகை பாஸ்தான் மனே. ஆனா இதுக்கு நிக்கத் தெரியாதே” என்றார். பின் சில்லைக் கழற்றினார். சூவில் பூச்சு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அலுமினியம் பளபளத்தது. கையும் ஒரு பல் தள்ளித்தான் பூட்டியிருந்தது. அது யார் வேலை என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் நானே செய்தது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டயரைத் திருப்பி, பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார்: 3611. 2011ஆம் ஆண்டின் 36ஆம் வாரத்தில் செய்த டயர். பள்ளம் நன்றாகவே இருந்தது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் கல்லாக இருந்தது.

(தொடரும்)