ஆட்டக் களமும் அன்பர் பற்றும்

கிரிக்கெட் என்னும் மட்டைப்பந்துப் போட்டியொன்றில் ஆடுவோர் 22 பேர், காண்போரோ பல்லாயிரவர். ஆடுவோரின் திறத்தையும் ஆட்டத்தின் விதிகளையும் விளக்கும் நூல்கள் பல உள. காண்போரைப் பற்றி எழுதப் புகுவார் அரியர். ஊதியம் யாதொன்றுமின்றி, கைப்பொருளைச் செலவிட்டு, வெயிலிற் காய்ந்து, தாம் பற்றிய கட்சி தோற்றவழி அன்றிரவு உணவும் செல்லாது வருந்துகின்ற இக்கூட்டத்தாரின் பற்று எத்தன்மையது, எங்ஙனம் தோன்றுகின்றது, எதனால் நிலைக்கின்றது என்பனவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. சென்னைச் சேப்பாக்கத்தையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வேன். என்னை? யான் நேரிற் கண்ட பெருங்களம் அஃதொன்றே.

யான் பிறந்து வளர்ந்தது ஏர்க்காட்டை அடுத்த கிளியூர். ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் அருவியாய் வீழும் ஓசையன்றி வேறு பேராரவாரம் எம் செவியில் விழுந்ததில்லை. மலையிற் சமநிலம் அரிதாதலின், காப்பிக்கொட்டை உலர்த்தும் களமே சிறுவரின் ஆடுகளம். பழம் பறிக்கும் பருவத்தில் அதுவும் கிடையாது. மற்றைப் பருவங்களில் பந்து களத்தின் விளிம்பைக் கடந்து சரிவில் உருண்டதாயின், ஓட்டங்களைக் கணக்கிடுவார் ஒருவருமிலர். பந்தைத் தேடுவதே அன்றைய எஞ்சிய ஆட்டம். இத்தகைய இடத்தில் வாழ்வார்க்குச் சேப்பாக்கத்தின்மேற் பற்று உண்டானது வானொலியினால். தமிழில் ஆட்ட வருணனை ஒலிபரப்பப்பட்ட காலத்தில், அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியோர் குரல்வழியே கண்காணாத களத்தைக் கண்டோம். மேகம் இறங்கிய நாள்களில் அக்குரல் இரைச்சலில் மூழ்கும். மீண்டும் எழும்போது ஒருவர் ஆட்டமிழந்திருப்பார். எவர், எங்ஙனம் என்று அறியுமுன் எம் நெஞ்சம் படும் பாடு சொல்லுந்தரமன்று. கண்ணாற் கண்டதினும் செவியாற் கேட்டுக் கருத்தாற் புனைந்துகொண்டதே பற்றினை ஆழமாக ஊன்றுகின்றது என்பது என் துணிபு.

சேப்பாக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியரால் 1846இல் நிறுவப்பட்டது. அது சேப்பாக்கத்திற்கு வந்தது 1865இல். இந்தியர் அக்கழகத்துட் புகவொண்ணாதிருந்த நாளில், புச்சிபாபு நாயுடு 1888இல் மதராஸ் ஐக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தார். இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் போட்டி நிகழ்தல் வேண்டும் என்று அவர் முயன்றார். அது நடைபெறுமுன் 1908இல் அவர் காலமானார். பின்னர் 1915 முதல் 1952 வரை பொங்கல் விடுமுறையில் அப்போட்டி முறையாக நடைபெற்றது. ஆகவே சேப்பாக்கத்துக் காண்போரின் முதற்பற்று ஊர்ப்பற்றன்று. தம்மை ஆள்வோரைத் தம்மவர் ஒரு பொழுதேனும் வெல்லக் காணவேண்டும் என்னும் வேட்கையே அது. கரும்புக் கட்டும் பொங்கற் புத்தாடையுமாக மக்கள் திரளும் அவ்விடுமுறையில் அவ்வேட்கை எத்துணைக் கூர்மை பெற்றிருக்கும் என்பதை அன்பர்கள் உய்த்துணர்க.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் ஆடிற்று. முதல் வெற்றியைப் பெற்றதோ 1952 பிப்ரவரியில், தன் 25ஆவது டெஸ்டில், பெற்ற இடம் சேப்பாக்கம், தோற்றோர் ஆங்கிலேயர். வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாட்டம் தொடங்கிய நாளிலேயே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இருபதாண்டு காத்திருந்த கூட்டம் அது. தோல்வியிலேயே பழகிய பற்று வெற்றியிற் பிறந்த பற்றினும் வலிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் ஒன்று கேட்பேன். அமெரிக்கர்தம் பேஸ்பால் ஆட்டத்தில் சிகாகோ நகரத்துக் கப்ஸ் என்னும் குழு 1908இல் வாகை சூடியபின் மீண்டும் சூடியது 2016இலேயே. இடைப்பட்ட 108 ஆண்டுகளில் எத்தனை தலைமுறையினர் காத்திருந்து கண்மூடினர்! அவ்வாண்டு வெற்றி வாய்த்தபோது மக்கள் திரள் திரளாகச் சென்று, ரிக்ளி களத்தின் செங்கற் சுவரில் இறந்துபோன தம் தந்தையர் பாட்டனார் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதி நின்றனர். ஆட்டத்தின் பயன் யாதென வினவுவார்க்கு அச்சுவரே விடை. நியூயார்க்கில் புரூக்ளின் வாழ்நரோ வேறொரு துயர் எய்தினர். பன்முறை தோற்றுத் தோற்று, ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பதே வழக்காகி, 1955இல் வெற்றி கண்ட டாட்ஜர்ஸ் குழு, 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. அவர்தம் எபட்ஸ் களமும் 1960இல் இடிக்கப்பட்டது. குழு போயிற்று, களமும் போயிற்று. பற்று மட்டும் போக்கிடமின்றி நின்றது.

நிற்க. இனி என் தாய்மாமனைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அவர் காப்பித் தோட்டத்துக் கணக்கர். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் ஆடிய டெஸ்டின் கடைசி நாளைக் காணச் சென்னை சென்றார். குளிர்மலையில் வாழ்ந்தவர்க்கு அவ்வெயில் எத்தகையது என்பதை, ஆஸ்திரேலியர் டீன் ஜோன்ஸ் பட்ட பாட்டினால் அறியலாம்: 210 ஓட்டங்கள் குவித்த அவர் களத்திலேயே வாந்தியெடுத்து, பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கடைசி நாளில் இந்தியாவின் இலக்கு 348. கடைசி ஓவர் தொடங்கும்போது ஒரு விக்கெட்டும் நான்கு ஓட்டங்களும் எஞ்சியிருந்தன. ரவி சாஸ்திரி இரண்டும் ஒன்றுமாக மூன்று ஓட்டங்கள் எடுத்துச் சமன் செய்தார். மணீந்தர் சிங், கிரெக் மேத்யூஸ் வீசிய ஐந்தாம் பந்தில் காலிற்பட்டு ஆட்டமிழந்தார். டெஸ்ட் வரலாற்றில் இருதிறத்தாரும் சமமாக முடிந்த ஆட்டங்கள் இரண்டே: ஒன்று 1960இல் பிரிஸ்பேனில், மற்றொன்று இது.

மாமா அவ்வாட்டத்தை எத்தனை முறை எமக்குக் கூறினார் என்பதற்குக் கணக்கில்லை. மணீந்தர் திகைத்து நின்றதையும் கூட்டம் ஒரு நொடி வாயடைத்ததையும் கைவிரித்துக் காட்டுவார். நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதியைக் கணக்குப் புத்தகத்துள் வைத்திருந்தார். முதுமையுற்றபின் ஒருநாள், என்னைத் தனியே அழைத்துக் கூறியது இது: “மாப்பிள்ளை, அன்னைக்கு டீ வேளையிலேயே நான் எழுந்து வந்துட்டேன். எப்படியும் டிராவாத்தான் முடியும்னு நினைச்சேன். மறுநாள் காலையில தோட்டத்துல இருக்கணும். சேலத்துக்கு பஸ் புடிக்கணுமே. வழியில ஒரு கடை ரேடியோவுலதான் கேட்டேன்.”

யான் வெறுத்தேனல்லேன், வியந்தேன். அவர் பொய்யர் அல்லர். வானொலியிற் கேட்டதும் நாளிதழிற் படித்ததும் தாம் அமர்ந்திருந்த படிக்கட்டின் சூடும் கலந்து, காணாத கடைசிப் பந்தைக் கண்டதாகவே அவர் நெஞ்சம் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டது. காண்போர் நினைவின் இயல்பு இது. அன்று சேப்பாக்கத்தில் இருந்தேன் என்று கூறுவார் அனைவரையும் கூட்டின், அக்களம்போல் இன்னும் சில வேண்டும்! பழைய பருவங்களைப் பற்றிய பேச்சில் ஓட்டக் கணக்கு பிழைபடலாம்; அருகிருந்தவர் யார், தின்றது என்ன, எவர் தோளைப் பற்றிக் குதித்தோம் என்பன பிழைபடுவதில்லை. ஆதலின் ஆட்டத்தின் வரலாறு அறிய விழைவோர் ஏடுகளை நாடுக. ஆட்டம் மக்கட்கு யாதாயிற்று என்பதை அறிய விழைவோர் மாமன்மாரை நாடுக.

பற்றின் மற்றொரு முகம் பகை. தம் குழுவை நேசிப்பார் எதிர்க்குழுவை வெறுத்தல் வேண்டுமோ? இதற்குச் சேப்பாக்கம் 1999 ஜனவரி 31ஆம் நாள் ஒரு விடை தந்தது. தில்லி ஆடுகளம் சிலரால் சிதைக்கப்பட்டமையால் இந்தியா பாகிஸ்தான் தொடரின் முதல் டெஸ்ட் சென்னையில் நடைபெற்றது. இலக்கு 271. ஐந்து விக்கெட்டுகள் 82 ஓட்டங்களுக்கு வீழ்ந்தபின், முதுகுவலியோடு போராடிய டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றிக்கு 17 ஓட்டங்களே வேண்டியிருந்த நிலையில் ஆட்டமிழந்தார். எஞ்சியோர் நான்கு ஓட்டங்களுக்குள் சுருண்டனர். பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. கூட்டம் சில கணம் உறைந்திருந்தது. பின் எழுந்து நின்று கைதட்டிற்று. வாசிம் அக்ரம் தம் வீரரோடு களத்தைச் சுற்றி வந்து அக்கைதட்டலை ஏற்றார். இரண்டாண்டுக்கு முன், 1997 மே மாதத்தில், சயீத் அன்வர் இதே களத்தில் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் எடுத்தபோதும் கைதட்டல் குறையவில்லை.

அவ்வாரவாரத்தை யாம் கிளியூரிலிருந்து வானொலியிற் கேட்டோம். தோல்வியால் நெஞ்சு வெதும்பியிருந்த யான், ‘எவருக்குக் கைதட்டுகின்றனர்?’ என்று சினந்தேன். மாமா மறுமொழி கூறவில்லை. தாமும் மெல்லக் கைதட்டினார். அச்சினம் தணிய எனக்குச் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதே பிப்ரவரியில் கல்கத்தாவில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதைத் தொடர்ந்து கலகம் விளைந்து, காண்போரனைவரும் வெளியேற்றப்பட்டு, வெற்று இருக்கைகளின் நடுவே பாகிஸ்தான் வென்ற ஆட்டத்தையும் கேட்டேன். இரண்டும் பற்றே. ஒன்றிற் பற்று ஆட்டத்தின்மேல் நின்றது. மற்றொன்றில் முடிவின்மேல் நின்றது. சேப்பாக்கத்தாரை முற்றுந் துறந்த முனிவர் என்று யான் புகழப் புகவில்லை. இலங்கை வீரர் 2013இல் சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களிற் கலந்துகொள்ள இயலாது போயிற்று. 2018 ஏப்ரலில் காவிரிக் கிளர்ச்சியின்போது களத்தினுட் செருப்பும் விழுந்தது. நாட்டின் துயரும் சினமும் ஆட்டக்களத்தின் வாயிலில் நின்றுவிடுவன அல்ல.

அந்த 2018ஆம் ஆண்டே பற்றின் வன்மைக்கும் சான்றாயிற்று. சென்னை சூப்பர் கிங்ஸ் குழு 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களில் விலக்கிவைக்கப்பட்டு, அவ்வாண்டுதான் மீண்டது. புரூக்ளின் மக்களைப்போலச் சென்னையாரும் போக்கிடமின்றி இரண்டாண்டு நின்றவரே. ஆயின் இவர்க்குக் குழு திரும்பி வந்தது. வந்தும் என்? சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததுமே கிளர்ச்சியின் காரணமாக எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அன்பர் ஆயிரவர் அளவில் மஞ்சளாடை உடுத்துத் தனி இரயிலேறிப் புனே சென்றனர். குழு அப்பருவத்தில் வாகையும் சூடிற்று. அவர் ‘தல’ என்று போற்றும் தோனி ராஞ்சியில் பிறந்தவர், தமிழரல்லர். பிறப்பினால் வருவது உறவு. பல பருவங்கள் உடனிருந்து தோற்றும் வென்றும் வருவதே இப்பற்று.

இவ்விடத்தில்தான் எம் சேலத்தார்க்கு ஓர் இடர் நேர்ந்தது. சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்து, டென்னிஸ் பந்தில் பழகி, வேகப்பந்து வீச்சாளரான த. நடராஜன், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஊர் மீண்டபோது அவரைக் குதிரைகள் பூட்டிய இரதத்தில் ஏற்றி வரவேற்றனர். தம் ஊரில் அவர் அமைத்த ஆடுகளம் 2023இல் திறக்கப்பட்டது. வாழப்பாடியருகே 2020இல் திறக்கப்பட்ட களத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் நிகழ்ந்துள்ளன. மலையிலிருந்து இறங்கினால் பெரிய ஆட்டம் காணலாம் என்னும் நிலை எம் தலைமுறையிற்றான் வந்தது. ஆனால் ஐ.பி.எல். போட்டியில் நடராஜன் பல பருவங்கள் ஆடியது ஐதராபாத் குழுவிற்கு. சென்னை ஐதராபாத்தோடு மோதும் நாளில் சேலத்தான் எப்பக்கம் நிற்பான்?

2024 ஏப்ரல் 28ஆம் நாள் மாலை, ஏர்க்காட்டில் ஒரு தேநீர்க் கடையில், தொலைக்காட்சியின் எதிரே யாமும் மாமாவும் இருந்தோம். இளைஞர் பலர் மஞ்சள் அணிந்திருந்தனர். சேப்பாக்கத்தில் சென்னைத் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் 98 ஓட்டங்களில் நின்றார். பந்து நடராஜன் கையில். ஒரு பவுண்டரி போதும், நூறு நிறையும். அடித்தார்; பந்து உயர எழுந்தது; பிடிபட்டது.

சேப்பாக்கம் வாயடைத்தது. எம் கடையும் வாயடைத்தது. மஞ்சளாடை இளைஞர் ஒருவரையொருவர் நோக்கினர். அப்போது பின்வரிசையிலிருந்து நீண்டதொரு சீழ்க்கை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எண்பதை நெருங்கிய என் மாமா, இரு விரல்களை வாயிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னை அன்று 78 ஓட்டங்களால் வென்றது. அதற்கும் அவர் சீழ்க்கை அடித்தார்.