புற்றுநோய்ச் சிகிச்சையும் குடும்ப உழைப்பும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நோய் ஒருவரின் உடலைப் பற்றுகின்றது. அதன் சுமையோ குடும்பம் முழுவதன்மீதும் இறங்குகின்றது. சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாயொருத்தி புற்றுநோய்க்கு இரசாயனச் சிகிச்சை பெறும்போது இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற அரும்பேறுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும், மருந்து இலவசமாகக் கிடைப்பதனால் நோயும் இலவசமாகிவிடுவதில்லை. சிகிச்சைக் காலத்தில் அடுப்பை மூட்டுபவர் யார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்துபவர் யார், இழந்த நாட்கூலியை ஈடுசெய்பவர் யார் என்னும் வினாக்களுக்கு வைத்தியரின் மருந்துச்சீட்டில் விடை இல்லை. இவ்வினாக்களை யாழ்ப்பாணச் சமூக அமைப்பின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சிகிச்சையின் இயல்பினை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஊர் வழக்கில் ‘மருந்து ஏற்றுதல்’ எனப்படும் இச்சிகிச்சை போர்க்கால நச்சுவாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததாகும். 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைதரசன் மஸ்ரட் என்னும் பொருள் முதன்முதலாக நோயாளர் ஒருவருக்கு மருந்தாக ஏற்றப்பட்டது. நமது முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து, பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்ரின் 1960களிற் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய மருந்துகள் பலவும் விரைந்து பிரிவடையும் கலங்களையே தாக்குகின்றன. புற்றுநோய்க் கலங்கள் அவ்வாறு பிரிவன. ஆனால் மயிர்க்கால்களிலும், வாய் மற்றும் குடலின் உட்படையிலும், குருதியை உற்பத்தி செய்யும் என்புமச்சையிலும் உள்ள நல்ல கலங்களும் விரைந்து பிரிவனவே. முடி உதிர்தல், வாய்ப்புண், வாந்தி, குருதிச்சோகை ஆகியவை தோன்றுவதற்கு இதுவே காரணம்.

தாக்குண்ட நல்ல கலங்கள் மீண்டும் வளர்வதற்கு இடைவெளி தேவை. ஆதலால் மருந்து ஒரே தடவையில் ஏற்றப்படாது, பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒரு தடவையாகப் பல சுற்றுக்களில் ஏற்றப்படுகின்றது. இந்த 21 நாட்களும் ஒரே தன்மையன அல்ல. முதற் சில நாட்கள் குமட்டலும் களைப்பும் மிகுந்தவை. ஏறத்தாழ 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வெண்குழியங்களின் எண்ணிக்கை மிகத் தாழ்ந்து, தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது. அந்நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், காய்ச்சற் குளிசை போட்டுவிட்டு விடியும்வரை காத்திருத்தல் உயிராபத்தானது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மூன்றாம் வாரத்தில் உடல் ஓரளவு தேறுகின்றது. தேறியதும் அடுத்த சுற்று வந்துவிடுகின்றது. இவ்வாறு குடும்பமொன்று நான்கு மாதங்களோ ஆறு மாதங்களோ இந்நாட்கணக்குக்கு உட்பட்டு வாழவேண்டியுள்ளது.

இக்கணக்கோடு குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் அவசியம். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த புகையிரத சேவை 1990 இல் நின்றுபோய், 2014 இலேயே மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. 2006 ஆகஸ்டில் ஏ–9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது குடாநாட்டு மக்கள் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருக்க நேர்ந்தது. கொழும்புக்கு அண்மையிலுள்ள மகரகம வைத்தியசாலையை நாடி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்லவேண்டியிருந்த தாய்க்கு, 21 நாட்களுக்கொரு முறை என்பது பெருந்துன்பமாகவே அமைந்தது. அவள் மருந்தோடு பயணத்தையும், தங்குமிடத்தையும், மொழி அறியாமையையும், பிள்ளைகளைப் பிரிந்திருத்தலையும் தாங்கவேண்டியிருந்தது.

2011 இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை, 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து திரட்டப்பட்ட நிதியைக்கொண்டு, 2013 இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பல்லாயிரவர் அந்நடையில் இணைந்தனர். போரினால் 1990 முதல் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டிருந்த வலிகாமம் வடக்கில் இந்நிலையம் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. தூரம் குறைந்தது, பல நோயாளர் மருந்தேற்றிய அன்றே வீடு திரும்பும் வாய்ப்புப் பெற்றனர். ஆனால் இதன் மறுபக்கமும் ஒன்றுண்டு. நோயாளர் வீட்டுக்கு அனுப்பப்படும்போது, பராமரிப்பு என்னும் உழைப்பும் வீட்டுக்கே அனுப்பப்படுகின்றது.

அவ்வுழைப்பை மேற்கொள்பவர் யார்? நோயுற்றவர் தந்தையாயின் தாய் பராமரிக்கின்றாள். நோயுற்றவள் தாயாயின், அம்மம்மாவோ, சின்னம்மாவோ, பதினான்கு வயது மூத்த மகளோ அவ்விடத்தை நிரப்புகின்றனர். எவ்வாறாயினும் சுமை ஒரு பெண்ணின் தோளிலிருந்து இன்னொரு பெண்ணின் தோளுக்கே மாறுகின்றது. போர் குடாநாட்டிற் பல குடும்பங்களைப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களாக்கியது. புலப்பெயர்வு உடன்பிறந்தோரைத் தொலைதேசங்களுக்குக் கொண்டுசென்றது. வெளிநாட்டிலிருந்து பணம் வரலாம். அதிகாலையில் இடியப்பம் அவித்துப் பிள்ளையின் தலையை இழுத்துவிடும் கை பணத்தோடு வருவதில்லை. மூத்த மகள் பாடசாலைக்குச் செல்லாது மறிக்கப்படும்போது, நோயின் விலையை அடுத்த தலைமுறை செலுத்தத் தொடங்குகின்றது.

அயலவரின் நல்லெண்ணம் இங்குக் குறைவன்று. ஆனால் அது வெளிப்படும் முறை பல வேளைகளிற் சிகிச்சைக்கு முரணாகின்றது. நோயாளரைப் பார்க்கச் செல்லாதிருத்தல் நம்மிடையே பெருங்குறையாகக் கருதப்படுகின்றது. ஆதலால் மருந்தேற்றிப் பத்தாம் நாளில், எதிர்ப்பாற்றல் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், தடிமனும் இருமலும் உடையவர்களும் வந்து கூடுகின்றனர். வந்தவர்க்குத் தேநீர் கொடுப்பதற்கு நோயாளியே எழுந்திருக்கும் காட்சியும் புதியதன்று. மறுபுறத்தில், மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்ற அச்சத்தால் நோயை முற்றாக மறைக்கும் குடும்பங்களும் உள. மறைக்கப்பட்ட நோய்க்கு உதவி வருவதில்லை. புற்றுநோய் தொற்றுவதில்லை, தாய் தன் பிள்ளையை அணைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. மருந்தேற்றிய பின் ஏறத்தாழ இரண்டு நாட்கள் அவளது வாந்தி, சிறுநீர் முதலியவற்றைக் கையுறையணிந்து அகற்றுதலும், கருவுற்ற பெண்களையும் சிறுவரையும் அவ்வேலையிலிருந்து விலக்குதலும் வேண்டும். இவ்வளவே செய்தி. இது ஊரறிந்த செய்தியானால் அச்சம் குறையும்.

இவ்விடத்தில் நம் சமூகத்தின் வியத்தகு முரண்பாடொன்றை எண்ணிப்பார்க்கலாம். செத்தவீடொன்றில் எவரும் எவரையும் கேட்பதில்லை. அங்கே அடுப்பு மூட்டப்படாது என்பது யாவரும் அறிந்தது. ஒரு வீட்டார் தேநீர் கொண்டுவருவர், இன்னொரு வீட்டார் சோறு சமைத்து அனுப்புவர், இளைஞர் பந்தலிடுவர். சாவுக்கென உழைப்பைப் பங்கிடும் ஒழுங்கு நம்மிடம் நன்கு வளர்ந்துள்ளது. உயிர் பிழைப்பதற்காகப் போராடும் வீட்டுக்கென அத்தகைய ஒழுங்கு இல்லை. அதனை ஆக்குவதற்கு வேண்டிய கூறுகள் யாவும் நம்மிடமே உள்ளன. கிராமந்தோறும் சனசமூக நிலையமும், மாதர் சங்கமும், முறைவைத்து நிதி திரட்டும் சீட்டும் உண்டு. முதல் வாரம் இரு வீட்டார் சமையலை ஏற்கலாம். இரண்டாம் வாரம் எவரும் உள்ளே செல்லாது, அன்றன்று சமைத்த உணவைப் படலையிற் கொடுத்துவிட்டு, இரவில் அழைத்தால் வருவதற்கு ஒரு முச்சக்கர வண்டியை ஏற்பாடு செய்யலாம். மூன்றாம் வாரம் பார்க்கச் செல்லலாம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை மாலைவேளையில் நிலையத்திலேயே படிப்பிக்கலாம்.

ஆயின் ‘ஊர்’ என்ற சொல்லை நாம் மயக்கத்தோடு நோக்குதல் ஆகாது. தெல்லிப்பழையை அடுத்துள்ள மாவிட்டபுரத்தில் 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயத்துள் நுழைவதற்கே போராடவேண்டியிருந்தது. சாதியும் உறவும் வகுத்த எல்லைக்குள் நிற்கும் உதவி, மிக வேண்டியவர்க்குக் கிட்டாமற் போகலாம். நிலமற்ற கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும், இடம்பெயர்ந்து வந்து குடியேறியவரின் வீட்டுக்கும் அதே முறை செல்லவேண்டும். இரக்கத்தை நம்பாது முறையை வகுப்பதன் பயன் இதுவேயாகும்.

இதனாற் சமூகம் அரசின் கடமையை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது நமது கருத்தன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் எரிபொருளும் ஒருங்கே தட்டுப்பட்டபோது, எந்த அயலவராலும் இல்லாத மருந்தைக் கொடுக்க முடியவில்லை. மருந்தும், போக்குவரத்துக் கொடுப்பனவும், இழந்த கூலிக்கான ஈடும் அரசிடம் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். கஞ்சியும், காவலும், பிள்ளையின் பாடமும் அயலவர் தாமே ஒழுங்கு செய்யக்கூடியவை. இவ்விரண்டும் ஒருங்கே அமையும்போதுதான், சுற்றுக்கள் யாவும் முடிவதற்கு முன்னரே சிகிச்சையைக் கைவிடும் நிலைக்குத் தாயொருத்தி தள்ளப்படாதிருப்பாள். அவளது மூத்த மகளும் பாடசாலைக்குச் செல்வாள்.