ஈரானில் வாக்களிப்பு வீதம்

ஈரானில் வாக்களிப்பு வீதம் என்பது, ஈரான் இசுலாமியக் குடியரசின் தேர்தல்களில் வாக்களிக்கத் தகுதி உடையோருள் உண்மையில் வாக்களித்தோரின் விழுக்காட்டைக் குறிக்கும். எவர் வென்றார் என்பதற்கு இணையாக, எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதும் அங்கு உற்றுநோக்கப்படுகின்றது. மிகுந்த வாக்களிப்பை ஆட்சி முறைக்கு மக்கள் தரும் ஏற்பு என அரசு கூறி வந்துள்ளது. அதனாலேயே வாக்களிக்காமல் இருப்பதும் ஓர் அரசியல் செயலாகக் கருதப்படுகின்றது.

பின்னணி

1979 புரட்சிக்குப் பின் இயற்றப்பட்ட அரசியலமைப்பின்படி, வேட்பாளர்களின் தகுதியை 12 உறுப்பினர் கொண்ட பாதுகாவலர் அவை ஆராய்கின்றது. அதன் ஒப்புதல் பெற்றவர்களே போட்டியிட முடியும். தாம் விரும்பும் வேட்பாளர் விலக்கப்பட்டால், வாக்காளருக்கு மூன்று வழிகளே உள்ளன: வேறொருவருக்கு வாக்களித்தல், செல்லாத வாக்கு இடுதல், வாக்களிக்காது விடுதல்.

குடியரசுத் தலைவர் தேர்தல்கள்

அரசு அறிவித்த வாக்களிப்பு வீதங்கள் (ஏறத்தாழ):
* 1997 - 80%
* 2009 - 85%
* 2013 - 73%
* 2017 - 73%
* 2021 - 49%
* 2024, முதற் சுற்று - 40%
* 2024, இரண்டாம் சுற்று - 50%

1997இல் சீர்திருத்தவாதியான முகம்மது கத்தாமி ஏறத்தாழ 70% வாக்குகள் பெற்று வென்றார். 2021இல் பதிவு செய்த 592 பேருள் எழுவர் மட்டுமே ஏற்கப்பட்டனர். முன்னணிச் சீர்திருத்தவாதிகள் விலக்கப்பட்டனர். அத்தேர்தலில் இப்ராகிம் ரையீசி வென்றார். ஏறத்தாழ 37 இலட்சம் வாக்குகள் செல்லாதவை. இரண்டாம் இடம் பெற்ற வேட்பாளரின் வாக்குகளை விட இவை அதிகமாகும்.

ரையீசி உலங்கு வானூர்தி விபத்தில் இறந்ததை அடுத்து 2024இல் தேர்தல் நடைபெற்றது. இரண்டாம் சுற்றில் வென்ற மசூத் பெசெசுக்கியான் 1.64 கோடி வாக்குகள் பெற்றார். இது, தகுதி உடைய ஏறத்தாழ 6.1 கோடிப் பேரில் கால் பங்கைவிடச் சற்றே அதிகம்.

அரசியல் பொருள்

வாக்களிப்பு வீதத்தின் பொருள் ஒன்றல்ல. 2009இல் வீதம் மிக உயர்ந்திருந்தும், முடிவில் மோசடி நிகழ்ந்ததாகக் கூறி மக்கள் பெருந்திரளாகப் போராடினர். எனவே உயர்ந்த வீதம் மட்டுமே ஏற்பைக் காட்டுவதில்லை. 2024இல் முதற் சுற்றின் பின், வாக்களிக்காதோர் ஆட்சி முறைக்கு எதிரானவர்கள் என எண்ணுவது தவறு என்று உச்சத் தலைவர் அலி காமெனெயி கூறினார். புறக்கணிப்பை ஆதரித்தோரோ அதனை எதிர்ப்பின் வெளிப்பாடாகவே கண்டனர். வாக்களிக்காதவரின் காரணம் வாக்குச் சீட்டில் பதிவாவதில்லை. இவ்விரு விளக்கங்களுக்கும் இடம் ஏற்படுவது இதனாலேயே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்
* ஈரான்
* பாதுகாவலர் அவை
* தேர்தல் புறக்கணிப்பு