போய்ச் சேர்ந்ததா மின்னஞ்சல்?

மின்னஞ்சலை அனுப்பியதும் இரண்டு கணினிகள் பேசத் தொடங்குகின்றன. 'இன்னாரிடமிருந்து', 'இன்னாருக்கு' என்று ஒன்று சொல்லச் சொல்ல, மற்றது மூன்றிலக்க எண்களில் பதில் தருகிறது. 250 என்றால் சரி. 550 என்றால் பெரும்பாலும் அப்படியொரு பெட்டியே இங்கில்லை. 4-இல் தொடங்கும் எண் வந்தால், அப்புறம் வா என்று பொருள். அனுப்பும் கணினியும் சளைக்காமல் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை வகுத்த உரையாடல் இது.

இத்தனை பேச்சும் நம் காதில் விழுவதில்லை. அஞ்சல் போகாவிட்டால்தான் தகவல் வரும், போய்விட்டால் மௌனம். சேர்ந்ததையும் சொல்லச் செய்யும் வழி 1996-இல் வகுக்கப்பட்டது. அதன் பெயர் டிஎஸ்என், அதாவது விநியோக நிலை அறிவிப்பு. பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை இணைப்பதைப் போன்றதுதான். மின்னஞ்சலுக்கும் நம் கண்ணில் படாத ஓர் உறை உண்டு. கோரிக்கை அந்த உறையில் ஏறுகிறது, கடிதத்துக்குள் அல்ல. வழியில் இந்த வசதி தெரியாத கணினி குறுக்கிட்டால், அதற்கு முந்தைய கணினி நேர்மையாகச் சொல்லிவிடும்: 'அடுத்தவரிடம் ஒப்படைத்தேன், அதற்கு மேல் தெரியாது.'

அறிவிப்பில் கணினிக்கென்றே ஒரு பகுதி உண்டு. 5.1.1 என்றால் முகவரி தவறு, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஆங்கிலமே தெரியாத நிரல்கூட இதைப் படித்து முகவரிப் பட்டியலைத் திருத்திக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறு. அறிவிப்பும் ஓர் அஞ்சல்தானே? அதுவும் போய்ச் சேராவிட்டால் அதற்கொரு அறிவிப்பு, அதற்கும் ஒன்று என்று இரண்டு கணினிகள் விடிய விடிய மல்லுக்கட்டும். தீர்வு வெகு எளிது: அறிவிப்பின் உறையில் அனுப்புநர் முகவரியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். திருப்பி அனுப்ப ஆளில்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஆனால் சேர்ந்தது என்றால் படித்தார் என்று அர்த்தமில்லை. ஸ்பேம் பெட்டியில் விழுந்தாலும் சேர்ந்த கணக்குதான். படித்ததற்கான ரசீதுக்கு 1998-இல் தனி நெறிமுறை வந்தது. அதை அனுப்பலாமா என்று பெறுபவரைக் கேட்க வேண்டும், அவர் மறுக்கலாம். கேட்காமலே வேவு பார்க்க, விளம்பரக்காரர்கள் அஞ்சலில் ஒரே ஒரு புள்ளி அளவுப் படத்தை ஒளித்து வைக்கிறார்கள். படம் தரவிறங்கினால் அஞ்சல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்து அதற்கும் ஒரு வேட்டு வைத்தது. பயனர் அந்தப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், அஞ்சலைத் திறக்காவிட்டாலும் செயலி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அவர் தூங்கிக்கொண்டிருப்பார், விளம்பரக்காரரின் ஏட்டில் 'படித்துவிட்டார்' என்று பதிவாகியிருக்கும்.