கட்டும் முன் ஓர் ஆடி

கடம்பத்தூர் வழியே செல்லும் இருப்புப்பாதை கோடை வெயிலில் நீளும் என்பது யாவரும் அறிந்ததே. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். அவ்வளவு சிறு மாற்றத்தைத் தொடர்வண்டி பொருட்படுத்துவதில்லை. ஆனால், 30 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கியின் எஃகுச் சட்டகத்தில் அதே ஒரு பாகை, 0.36 மில்லிமீட்டர் மாற்றத்தை விளைவிக்கும். அச்சட்டகம் தாங்கும் ஆடியின் பரப்போ தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகுதல் ஆகாது.

சவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி, 2.34 மீட்டர் குறுக்களவுடைய ஒரே கண்ணாடி. முப்பது மீட்டருக்கு அவ்வாறு வார்த்தால் கண்ணாடி தன் எடையாலேயே வளைந்துவிடும். ஆகவே, இந்தியாவும் பங்கேற்றுள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் 492 அறுகோண ஆடிகள் தேன்கூடுபோல் அடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆடிக்கும் பின்னே மூன்று இயக்கிகள். ஆடிகளின் விளிம்புகளில் மொத்தம் 2772 உணரிகள். இவ்வகை உணரிகளை உருவாக்கும் பணியில் நம் அண்டையிலுள்ள புதுச்சேரிக்கும் பங்குண்டு.

இத்தனையும் இசைந்து இயங்குமா? கட்டியபின் சோதித்தால் காலம் கடந்துவிடும். எனவே, பொறியாளர்கள் தொலைநோக்கியை முதலில் கணினியில் கட்டுகின்றனர். சட்டகத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடை, விறைப்பு, வெப்பம் ஆகியவற்றைக் கணக்கில் ஏற்றுகின்றனர். பின்னர் அதைச் சாய்க்கின்றனர். அதன்மீது காற்றை வீசச் செய்கின்றனர். வியப்பு என்னவெனில், திருத்தமே தீங்காகவும் கூடும். இயக்கி ஆடியைத் தள்ளும்போது சட்டகம் எதிர்ப்புறம் அசையும். அவ்வசைவை உணரி கண்டு மீண்டும் தள்ளச் சொல்லும். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல இது அமைந்துவிட்டால் அதிர்வு பெருகிக்கொண்டே போகும். திருத்தம் எவ்வளவு விரைவாக நிகழலாம் என்பதைக் கணினி மாதிரியே முன்னதாகக் காட்டுகிறது.

மற்றொரு குறையும் இக்கணக்கில் புலப்பட்டது. அடுத்தடுத்த ஆடிகளுக்கு இடையேயுள்ள உயர வேறுபாட்டையே உணரிகள் முதன்மையாக அளக்கின்றன. ஆடிகள் அனைத்தும் சேர்ந்து கிண்ணம்போல் சற்றே ஆழ்ந்தால், அண்டை ஆடிகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதாகவே தோன்றும். வரிசையில் நிற்போர் பக்கத்தவர் தோளை மட்டும் பார்த்து நின்றால், வரிசை முழுவதும் வளைவதை உணரமாட்டார் அல்லவா? அதுபோன்றதே இது. இதனால் விண்மீனின் ஒளியையே அளவுகோலாகக் கொண்டு ஆடியை அவ்வப்போது நேர்செய்ய வேண்டியுள்ளது.

தொலைநோக்கிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மௌனா கியா மலை, ஹவாய்த் தொல்குடியினர் புனிதமாகப் போற்றும் இடம். அவர்களது எதிர்ப்பினால் 2015இல் அங்குக் கட்டுமானம் தடைப்பட்டது. காற்றையும் வெப்பத்தையும் நுணுகிக் கணித்த மாதிரியில் இதற்கு இடமிருக்கவில்லை.