ஷேவிங் பிரஷ்... இயற்கை முடியா, செயற்கை இழையா? வாங்கும் முன் ஒரு நிமிடம்!

மதுரையில் இருக்கும் நண்பனின் அத்தாவுக்கு ஒரு ஷேவிங் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். எழுபதைத் தாண்டியும் தினமும் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, நிதானமாக ஷேவ் செய்துகொள்பவர். அவருடைய பழைய பிரஷ்ஷில் பாதி முடி கொட்டிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் தேடினேன். மரக் கைப்பிடி, அடர்த்தியான முடி, அழகான பெட்டி. பெட்டியின் மேல் 'நேச்சுரல் பிரிசில்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தது. இயற்கை என்றால் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "பிரஷ் எப்படி இருக்கு அத்தா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு தம்பி" என்று சிரித்தார். ஆனால், கை கழுவப் போன இடத்தில் அந்தப் பழைய பிரஷ்தான் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் நண்பனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "எந்த முடின்னு பெட்டியில போடலைடா. பன்றி முடியா இருந்தா என்ன பண்றதுன்னு அத்தா எடுத்து வெச்சுட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டார். மனசு கஷ்டப்படுவியாம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு பிரஷ்ஷில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அடுப்படியில் ஒரு சோதனை

நண்பனின் அம்மாதான் வழி சொன்னார். "பட்டுச் சேலை அசலான்னு பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போமே, அதே மாதிரி இதையும் பாருங்களேன்." பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு முடியை இடுக்கியால் பிடுங்கி தீக்குச்சியில் காட்டினோம். சுருண்டு கருகியது. தலைமுடி கருகும் அதே வாடை. விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது.

பட்டும் முடியும் புரதத்தால் ஆனவை. அதனால்தான் இரண்டுக்கும் அந்த வாடை. செயற்கை இழையாக இருந்தால் உருகி, நுனியில் சின்ன உருண்டையாகக் கெட்டிப்பட்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்திருக்கும். ஆக, அது விலங்கு முடி என்பது உறுதி. எந்த விலங்கு? விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: பன்றி முடி.

அந்தச் சங்கடத்துக்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பகிர்கிறேன். அப்பாவுக்கோ, மாமனாருக்கோ, கணவருக்கோ பிரஷ் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

பிரஷ் அவசியமா?

கையால் க்ரீம் தடவினாலும் ஷேவ் செய்யலாம். ஆனால், பிரஷ் செய்கிற வேலையைக் கை செய்யாது. தண்ணீரையும் காற்றையும் சோப்போடு கலந்து நுரையைக் கெட்டியாக்குகிறது. படுத்துக் கிடக்கும் தாடி முடியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொன்றின் அடி வரைக்கும் ஈரத்தைக் கொண்டுபோகிறது. இரண்டு, மூன்று நிமிடம் ஊறிய முடி மெத்தென்று ஆகிவிடும். பிளேடு இழுக்காது, எரிச்சலும் குறையும்.

இயற்கை முடியில் மூன்று வகை

பன்றி முடி: விலை குறைவு, கொஞ்சம் விறைப்பு. தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஓரிரு நிமிடம் ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். புதிதில் குத்தும், நனைத்தால் ஒரு மாதிரி வாடையும் வரும். சில வாரம் பழகியதும் நுனிகள் பிளந்து மென்மையாகிவிடும். கட்டி சோப்பிலிருந்து நுரை எடுப்பதில் கெட்டிக்காரன்.

பேட்ஜர் முடி: பேட்ஜர் என்பது குட்டைக் கால்களோடு, வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். நுனி மிருதுவாக இருக்கும். 'ப்யூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்று தரம் பிரித்து விற்கிறார்கள். தரம் ஏற ஏற, விலை ஆயிரங்களில் போகும்.

குதிரை முடி: பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் கத்தரித்து எடுப்பது. குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை. பன்றி முடிக்கும் பேட்ஜருக்கும் நடுவில் இருக்கும் என்று சொல்லலாம். நம் ஊரில் கிடைப்பது குறைவு.

செயற்கை இழை எப்படி வந்தது?

அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் 1935-ல் நைலான் உருவானது. அது முதலில் விற்பனைக்கு வந்தது சேலையாகவோ காலுறையாகவோ அல்ல, 1938-ல் டூத் பிரஷ் இழையாகத்தான். அதுவரை பல் தேய்க்கவும் பன்றி முடி பிரஷ்தான் இருந்தது. இன்று அதைத் தேடுபவர்கள் மிகக் குறைவு.

ஷேவிங் பிரஷ்ஷில் மட்டும் நைலானுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. பழைய நைலான் பிரஷ்கள் முரட்டுத்தனமாக இருந்தன, தண்ணீரைப் பிடித்துவைக்கவில்லை. இப்போது நல்ல பிரஷ்களில் பி.பி.டி. எனப்படும் பாலியஸ்டர் குடும்பத்து இழைகள் வருகின்றன. நுனியை மெல்லியதாகச் சீவிவிடுவதால் கன்னத்தில் பட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஊறவைக்கத் தேவையில்லை. இழை தண்ணீரைக் குடிக்காது என்பதால் க்ரீமும் குறைவாகவே செலவாகும். உதறி வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

குறையே இல்லையா? இருக்கிறது. சில பிரஷ்களில் இழை ஸ்பிரிங் மாதிரி துள்ளி, நுரையைக் கண்ணாடி மேல் தெறிக்கவிடும். மலிவான ரகங்கள் இன்றும் முகத்தைக் கீறும். எல்லாவற்றுக்கும் மேல் இது பிளாஸ்டிக். தூக்கிப் போட்டால் மண்ணோடு மக்காது. அதனால், நல்லதாக ஒன்று வாங்கி பல வருடம் பயன்படுத்துவதுதான் நியாயம்.

பிரஷ்ஷில் ஒளிந்து வந்த நோய்

முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி வரும் பாதைகள் அடைபட்டன. பதிலுக்கு ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை, பேட்ஜர் போலவே தோற்றம் கொடுத்து பிரஷ்ஷாக்கி விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்கம் செய்யப்படாத அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. ஷேவ் செய்யும்போது ஏற்பட்ட சின்னக் கீறல் வழியாக உள்ளே போனது. பிரிட்டன், அமெரிக்காவின் ராணுவ வீரர்களும் பொதுமக்களுமாக 200-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது.

இன்று முறையாகச் சுத்தப்படுத்திய முடியில் அந்தப் பயம் தேவையில்லை. ஆனால், பழம்பொருள் கடையில் நூறு வருடத்து பிரஷ் கிடைத்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள், முகத்தில் வைக்காதீர்கள்.

விலங்கின் பக்கமிருந்து...

பன்றி முடி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றியிலிருந்து வருகிறது. பேட்ஜர் கதை வேறு. பிரஷ் முடிக்காகவே சீனாவில் பேட்ஜர்களை நெருக்கமான கூண்டுகளில் அடைத்து வளர்த்துக் கொல்வதை, 2018-ல் பீட்டா ஆசியா அமைப்பு வீடியோவாக வெளியிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பேட்ஜர் முடியைக் கைவிட்டன.

நம் நாட்டில் கீரிக்கும் இதே கதிதான். ஓவியம் வரையும் பிரஷ்ஷுக்காகக் கீரிகள் வேட்டையாடப்படுகின்றன. ஒரு கீரியிடம் கிடைப்பது சில கிராம் முடிதான். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2019-ல் 'ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. பிள்ளைகளுக்கு பெயின்ட் பிரஷ் வாங்கும்போதும் என்ன முடி என்று கேட்பது நல்லது.

லேபிளைப் படிக்கத் தெரியுமா?

மலேசியாவில் பன்றியிலிருந்து எடுத்த எதைச் சேர்த்தாலும் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று 2013-லேயே உத்தரவு வந்துவிட்டது. அதை மதிக்காத கடைகளில் 2017-ல் 2,000-க்கும் மேற்பட்ட பெயின்ட் பிரஷ்களைப் பறிமுதல் செய்தார்கள். நம் ஊரில் நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

● 'போர் பிரிசில்' என்றால் பன்றி முடி.

● 'நேச்சுரல்', 'ப்யூர் பிரிசில்' என்று மட்டும் இருந்தால் எந்த விலங்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

● 'சில்வர்டிப்' என்றால் பேட்ஜர். ஆனால், 'சில்வர்டிப் ஃபைபர்' என்றால் செயற்கை இழை. ஒரு வார்த்தையில் அர்த்தமே மாறிவிடும்.

● கறுப்பு, வெள்ளைப் பட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செயற்கை இழைக்கும் பேட்ஜர் மாதிரியே சாயம் ஏற்றுகிறார்கள்.

யாருக்கு எது?

பன்றி முடி கூடாது என்பவர்களும், விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்களும் யோசிக்காமல் செயற்கை இழைக்குப் போகலாம். காலையில் ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டியவர்களுக்கும், அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் அதுவே வசதி. பரு, எரிச்சல் உள்ள முகத்துக்கு மென்மையான செயற்கை இழைதான் நல்லது. விறைப்பான முடியால் வட்டமாகத் தேய்த்தால் பரு உடைந்து புண்ணாகும்.

கட்டி சோப்பில் பழகியவர், கன்னத்தில் கொஞ்சம் சொரசொரப்பு பட்டால்தான் ஷேவ் செய்த மாதிரி இருக்கும் என்பவர், பன்றி முடிக்கு மறுப்பு இல்லாதவர் என்றால் இயற்கை முடியும் தப்பில்லை. பேட்ஜர் மட்டும், அந்த வீடியோவைப் பற்றித் தெரிந்த பிறகு, என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

கை நடுங்கும் பெரியவர்களுக்கு வாங்குகிறீர்களா? முடியைவிடக் கைப்பிடியைக் கவனியுங்கள். தடிமனாகவும், இடுப்பு ஒடுங்கியதாகவும் இருந்தால் ஈரக் கையில் வழுக்காது.

ஐந்து வருடம் உழைக்க...

● கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும். வெதுவெதுப்பு போதும்.

● முதல் சில தடவை நாலைந்து முடி கொட்டினால் கவலை வேண்டாம். தொடர்ந்து கொட்டினால் பசை சரியில்லை, மாற்றிக் கேளுங்கள்.

● ஷேவ் முடிந்ததும் அலசி, மெதுவாகப் பிழிந்து, உதறி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முறுக்க வேண்டாம். ஈரத்தோடு மூடி போட்டால் பூஞ்சை வாடை வரும். மழைக்காலத்தில் இயற்கை முடிக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

● போர்வெல் தண்ணீர் என்றால் முடியில் வெள்ளையாக உப்பும் சோப்பும் படியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து சில நிமிடம் ஊறவைத்து அலசினால் போய்விடும்.

● இயற்கை முடி பிரஷ்ஷைப் பல மாதம் எடுத்துவைப்பதாக இருந்தால், நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சிகள் இதையும் விடாது.

சலூனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது பிளேடு போடச் சொல்லிக் கேட்க நாம் பழகிவிட்டோம். பிரஷ்? காலையிலிருந்து எத்தனை முகங்களில் பட்டதோ, அதேதான் நமக்கும். படர்தாமரையும் மருவும் இப்படிப் பரவ வாய்ப்பு உண்டு. சொந்தமாக ஒரு செயற்கை இழை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாகக் காயவைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

மறுபடி மதுரைக்கு...

அடுத்த முறை போனபோது புது பிரஷ் ஒன்று வாங்கிப் போனேன். பெட்டியில் 'சிந்தெடிக் ஃபைபர்' என்று தெளிவாக எழுதியிருந்தது. இருந்தாலும் விற்றவர் அனுப்பிய பதிலையும் போனில் காட்டினேன். அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இதுக்காகவா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, முகம் முழுக்க நுரையோடு வாசலுக்கே வந்து நின்றார். "பழசைவிட மெத்துன்னு இருக்கு" என்றார். இந்தத் தடவை எனக்காகச் சொன்னது போலத் தெரியவில்லை.

நான் முதலில் கொடுத்த பிரஷ்ஷை அவர் பெட்டியோடு திருப்பித் தந்துவிட்டார். இப்போது அது என் ஷூவுக்குப் பாலிஷ் போட உதவுகிறது.