நெல்லியடியில் காத்திருக்கும் துவக்கு

பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்குவோமாயின், தேயிலைச் சரிவுகள் பின்னே மறைந்து, புல்வெளியிடையே மரங்கள் தனித்தனியாய் நிற்கும் நில்கலைக் காட்டுப்புறத்தை அணுகுகின்றோம். நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் ஒருங்கே வளரும் நிலம் அது. வைத்தியர் திரிபலை என்று நிறுத்துக் கொடுப்பதை அங்கே மானும் மரையும் விலையின்றி உண்கின்றன!

வேடனும் இதனை அறிவான். மானைத் தேடி அலைவதினும், அது நாடிவரும் மரத்தைக் கண்டுகொள்வது எளிது. காய் உதிருங் காலத்தில் குளம்புச் சுவடு பார்த்து, காற்றுத் தன்பக்கம் வீசுமாறு பரண் கட்டிக் காத்திருப்பான். அதற்கேனும் பொறுமை வேண்டும். கட்டுத்துவக்குக்கு அதுவும் வேண்டியதில்லை. தடத்தின் குறுக்கே கட்டிய கயிற்றிற் கால் பட்டதும் வெடிக்கும். வந்தது மரையா, நெல்லி பொறுக்க வந்த மனிதனா என்று அது பார்ப்பதில்லை.

மரத்துக்கு நேரும் கேட்டைப் பலர் எண்ணுவதில்லை. நெல்லிக்கனியை மான் கொட்டையோடு விழுங்கி, பின்னர் வேறிடத்திற் படுத்து அசைபோடும்போது கொட்டையை உமிழ்கின்றது. இந்தியாவின் ராஜாஜி தேசியப் பூங்காவில் இதனை ஆராய்ந்தோர் 2004இல் எழுதியுள்ளனர். நெல்லிக்கு மானும் ஓர் உழவன். அதியமான் ஔவைக்கு ஈந்த கனியும் அவ்வாறு முளைத்த மரத்ததோ, யாரறிவார்!

காட்டுயிர்களைக் காக்க 1937இலேயே இலங்கையிற் சட்டம் பிறந்தது. இன்று மரையையும் புள்ளிமானையும் கொல்வது குற்றம். ஆயினும் காட்டிறைச்சி என்று மெல்லச் சொல்லி விற்போர் உண்டு. வாங்குவோருள் படித்தவர்களும் இருப்பதே நமக்கு வருத்தம்.